தீர்த்தகிரி செய்த சாமை மெஷின்

அம்பத்தூரில் வேலை பார்த்த காலம் முழுக்கத் தீர்த்தகிரி சொந்தமாக ஒரு கோடு போட்டதில்லை. வேலை என்னவோ டிராயிங் ஆபீசில்தான். சாய்ந்த பலகை, டீ ஸ்கொயர், கூர் தீட்டிய பென்சில்கள் எல்லாம் இருந்தன. ஆனால் வரைபடம் ஜெர்மனியிலிருந்து வரும். அதன்மேல் மெல்லிய தாளை விரித்து, கீழே தெரிகிற கோட்டின்மேலேயே மறுபடி கோடு இழுத்துப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். ஒரு தடவை ஏதோ பம்ப்பின் மூடியைக் காட்டி, "இந்த இடத்துல எதுக்கு சார் இவ்ளோ கனம்?" என்று மேலதிகாரியைக் கேட்டார். "அத கேக்கறதுக்கு உனக்குச் சம்பளம் இல்லப்பா" என்றார் அவர், கோபமே இல்லாமல். அவருக்கும் தெரியாது என்பது பிறகுதான் புரிந்தது. அந்தக் கட்டடத்தில் யாருக்குமே தெரியாது. தெரிந்தவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

அலுத்துப்போய் 1974-இல் சொந்த ஊரான போளூருக்கே திரும்பிவிட்டார். ஸ்டேஷன் போகிற வழியில் ஒரு கொட்டகை பிடித்து லேத்து போட்டார். ஆயில் இன்ஜின் ரிப்பேர், பம்ப்செட், கரும்பாலை உருளைக்குக் கடைசல் என்று வேலைக்குப் பஞ்சமில்லை. மனைவி சகுந்தலாவுக்கும் நிம்மதி. ஆனால் சாயங்காலம் கையைக் கழுவும்போது அவருக்குள் ஒரு அரிப்பு இருந்துகொண்டே இருந்தது. யாரோ செய்ததைச் சரி பண்ணிக்கொண்டே காலம் போகிறதே, நாமாக ஒன்று செய்ய வேண்டாமா?

அந்த அரிப்புக்குத் தீனி போட்டவன் லட்சுமணன். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு அப்பால் அத்திக்காட்டூர் என்று ஒரு சின்ன ஊர். அங்கிருந்து புளி கொண்டுவந்து சந்தையில் போட்டுவிட்டு, பஸ் வரும்வரை பட்டறை வாசலில் உட்காருவான். எதிரே ரைஸ் மில் ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தவன் கேட்டான்.

"நெல்லுக்கு இருக்கிற மாதிரி சாமைக்கு ஒன்னும் கெடயாதாங்க?"

"அந்த மில்லுலியே போட்டுப் பாக்கறதுதானே?"

"போட்டுப் பாத்தோங்க. மாவா வருது. எங்க வூட்ல பொம்பளைங்க விடியறதுக்கு முன்னாடியே உலக்கையப் புடிக்கிறாங்க. குத்தி, பொடச்சி, மறுபடி குத்தி... தோளு உட்டுப்போவுது. எம் பொண்டாட்டி ராத்திரில கையத் தூக்க முடியலன்றா."

சொல்லிவிட்டு அவன் பஸ்ஸைப் பார்த்து எழுந்து போய்விட்டான். தீர்த்தகிரி லேத்தை நிறுத்திவிட்டு நின்றார்.

கணியம்பாடிப் பக்கம் ஒரு பழைய மில்லில் வெளிநாட்டு உமி நீக்கி ஒன்று மூலையில் கிடந்தது. சாணைக்கல் மாதிரி ஒரு எமரிக் கல் சுழலும். பக்கத்தில் இன்னொன்று அசையாமல் நிற்கும். நடுவில் தானியம் உரசி உமி கழலும். அவர் போய் ஒவ்வொரு துண்டாகக் கழற்றி அளவெடுத்தார். பார்த்துச் செய்வதில் அம்பத்தூர் அவரைத் தேர்ந்த ஆளாக்கியிருந்தது. ஆனால் கல்லைச் சுற்றி இருந்த உறை வார்ப்பிரும்பில் விரற்கனத்துக்கு மேல் இருந்தது. ரெண்டு ஆள் சேர்ந்தாலும் தூக்க முடியாது. அத்திக்காட்டூருக்கோ ரோடு கிடையாது. பஸ் நிற்கிற இடத்திலிருந்து மூங்கிலில் கட்டித் தோளில்தான் கொண்டுபோக வேண்டும். உமியும் தூசியும் வெளியே பறக்காமல் இருக்கத்தானே உறை, அதற்கு இத்தனை இரும்பா? வெளிநாட்டில் இரும்பு மலிவு, அள்ளிப் போட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். தகட்டை வளைத்துப் பற்ற வைத்து உறை செய்தார். பாரம் பாதியாகக் குறைந்தது.

சாமை நெல்லைவிடப் பொடிசு. முதல் ஓட்டத்தில் உமி சரியாகக் கழலவில்லை. இன்ஜின் பக்கம் பெல்ட்டு ஓடுகிற புல்லியைப் பெரிதாக்கிக் கல்லின் வேகத்தை ஏற்றினார். அப்போதும் பாதிதான் வந்தது. இன்னும் ஏற்றினார். சாமை அரிசி முத்து முத்தாகக் கொட்டியது. அதை முறத்தில் அள்ளிக்கொண்டு வீட்டுக்கே ஓடினார்.

"இன்னா இது, குருவிக்குப் போடவா?" என்றாள் சகுந்தலா.

"இது என் மெஷின்ல வந்தது. கல்லுக்கு வேகம் எவ்ளோ, உறை எப்டி, எல்லாம் நான் முடிவு பண்ணது."

அவ்வளவு சந்தோஷமாக அவரை அவள் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மலை மக்களுக்காக வேலை செய்துவந்த ஒரு சங்கம் இன்ஜின் வாங்கித் தந்தது. அத்திக்காட்டூரில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு மெஷினை நிறுத்தினார்கள். ஓட்டுவதற்கு லட்சுமணனின் மனைவி அம்மாக்கண்ணு முன்வந்தாள். ஒல்லியான பெண், வாய் ஓயாது. இன்ஜின் சத்தத்தைக் கேட்டு மற்றவர்கள் காதைப் பொத்தியபோது அவள் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். ரெண்டே நாளில் பெல்ட்டு மாட்டவும் கல்லின் இடைவெளியைத் திருகி வைக்கவும் கற்றுக்கொண்டாள்.

"இத்தினி நாளு எங்கங்க இருந்தீங்க நீங்க?" என்று கேட்டாள் அவரை.

சுற்று ஊர்களிலிருந்து பெண்கள் கூடையோடு வரத் தொடங்கினார்கள். மற்ற ஊர்களும் கேட்டன. தீர்த்தகிரி இன்னும் சில மெஷின்கள் செய்து அனுப்பினார். சங்கத்தின் அதிகாரி வெளியூர் ஆட்களை ஜீப்பில் கூட்டிவந்து, மீதி வழி நடத்திக் கொண்டுபோய்க் காட்டினார். நம் ஊரிலேயே வடிவமைத்தது என்று அவர் சொல்லும்போதெல்லாம் தீர்த்தகிரி தரையைப் பார்த்துச் சிரிப்பார்.

அடுத்த அறுப்பு முடிந்த சமயம், ஒரு காலை வேளையில் அத்திக்காட்டூர் மெஷினில் கல் வெடித்தது.

பஸ் கண்டக்டர் சொல்லித்தான் போளூருக்குச் சேதி வந்தது. அதற்குள் அம்மாக்கண்ணுவைக் கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கி வந்து, ஜீப் பிடித்து வேலூருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தீர்த்தகிரி முதலில் மலைக்குத்தான் போனார். ஆஸ்பத்திரிக்குப் போகத் தைரியம் வரவில்லை என்பதுதான் காரணம். மெஷினைப் பார்க்க வேண்டும் என்று வெளியே சொல்லிக்கொண்டார்.

கொட்டகையில் ஊரே நின்றது. அதிகாரி ஏற்கனவே வந்திருந்தார்.

"எப்படி ஆச்சு தீர்த்தகிரி?"

யோசிப்பதற்கு முன்னால் வாய் பதில் சொல்லிவிட்டது. "தானியத்துல கல்லு கெடந்திருக்கும் சார். சரியா பொடச்சிப் போட்டிருக்க மாட்டாங்க."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. யாரோ உச்சுக்கொட்டினார்கள். அதன் பிறகுதான் அவர் மெஷினைத் திரும்பிப் பார்த்தார். தகட்டு உறை கிழிந்த வாழை இலை மாதிரி விரிந்து கிடந்தது. எமரிக் கல்லின் ஒரு துண்டு எதிர்ச் சுவரின் மண்ணில் ஆழப் புதைந்திருந்தது. தானியத்தோடு ஒரு பொடிக்கல் போனால் எமரி உரியும், தேயும். இப்படித் துண்டு துண்டாகப் பறக்காது. கணியம்பாடியில் கிடந்த அந்தக் கனத்த வார்ப்பிரும்பு அவர் கண்முன் வந்து நின்றது. அது தூசிக்காகப் போட்டதில்லை. கல் என்றைக்காவது வெடித்தால் துண்டுகளைப் பிடித்து நிறுத்துவதற்காகப் போட்டது. அவர் அதையும் எடுத்துவிட்டு, கல்லையும் வெடிக்கிற வேகத்துக்கு ஓட்டியிருக்கிறார்.

அந்த இடத்திலேயே வாயைத் திறந்திருக்கலாம். ஊர் முழுக்க அங்கேதான் நின்றது. அவர் திறக்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று வராந்தாவில் லட்சுமணன் சொன்னான். அம்மாக்கண்ணு மயக்கத்தில் இருந்தாள். வார்டு வாசலில் உட்கார்ந்திருந்த அவள் மாமியார் செல்லியம்மாள் இவரைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"பொடச்சிப் போடுடி பொடச்சிப் போடுடின்னு சொல்லிக்கினே இருந்தேங்க. கேட்டாளா? கடசீல உங்க மெஷின ஒடச்சிப்புட்டா. மனசுல வச்சிக்காதீங்க."

தீர்த்தகிரி குறுக்கிட்டார். "இல்லம்மா. கல்லெல்லாம் ஒன்னும் இல்ல. அம்மாக்கண்ணு மேல தப்பே கெடயாது. நான் செஞ்சதுதான் தப்பு. வேகத்த ஏத்திட்டேன், உறைய மெலிசா போட்டுட்டேன். நேத்து கொட்டாயில நான் சொன்னது பொய்."

செல்லியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பெரிய மனசுங்க உங்களுக்கு. மத்தவங்களா இருந்தா இப்டி மேல போட்டுக்குவாங்களா?"

அவர் மறுபடி சொன்னார். லட்சுமணனிடம் சொன்னார். அதிகாரியிடம் போய்ச் சொன்னார். "விபத்துன்னு ஆயிடுச்சு, விடுங்க. நீங்க வேற மனசொடஞ்சி போயிடாதீங்க" என்று அவர் தோளைத் தட்டினார் அதிகாரி. மலைக்குப் போய் ஊராரைக் கூப்பிட்டு வைத்தும் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். எவ்வளவு நல்ல மனுஷன் என்று பேசிக்கொண்டார்கள். கொட்டகையில் சொன்ன பேச்சு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அம்மாக்கண்ணு சரியாகப் புடைக்காததால் மெஷின் வெடித்தது என்பது அத்திக்காட்டூரைத் தாண்டி, அவர் பார்த்தே இராத ஊர்களுக்கெல்லாம் பரவியது. ஒற்றை வாக்கியம். அதைச் சொல்ல ஒரு மூச்சு போதுமாயிருந்தது. திரும்ப எடுக்க அவரால் முடியவே இல்லை.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. வலது கையால் சோற்றைப் பிசையும்போதே எழுந்துவிடுவார். சகுந்தலா முதலில் அழுதாள், பிறகு சண்டை போட்டாள். கடைசியில் ஒருநாள், "மத்த ஊர்லயும் அதே மெஷின்தானே ஓடுது? இங்க குந்திக்கினு சோத்த தள்ளி வச்சா ஆச்சா?" என்று கேட்டாள்.

அது அவருக்குச் சுரீரென்றது. அன்றைக்கே கிளம்பி ஊர் ஊராகப் போய், தான் அனுப்பிய மெஷின்களின் பெல்ட்டையும் புல்லியையும் கழற்றத் தொடங்கினார். பெண்கள் கூடையோடு நின்று பார்த்தார்கள். சிலர் கெஞ்சினார்கள். ஒரு ஊரில் அவரைக் கொட்டகைக்குள்ளேயே விடவில்லை. சமாதானம் சொல்ல லட்சுமணன் வந்தான். கூடவே அம்மாக்கண்ணுவும் வந்திருந்தாள். கை போனபிறகு அவர் அவளை முதன்முதலாக அன்றைக்குத்தான் நேரே பார்த்தார். புடவைத் தலைப்பால் வலது பக்கத்தை மூடியிருந்தாள்.

"எதுக்குங்க கழட்டுறீங்க?"

"இது ஆபத்தும்மா. உனக்கு ஆனது இன்னொருத்திக்கு ஆவக் கூடாது."

"சரி. கழட்டிக்கினு போய் இன்னா பண்ணுவீங்க?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"என் கை போயிட்ச்சி. அதுக்கோசரம் இவங்க எல்லாரும் திரும்ப உலக்கையப் புடிக்கணுமா? ஆபத்து இல்லாம செய்ய முடியாதா உங்களால? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிட்டுப் போங்க."

"தெரியலம்மா" என்றார். அது உண்மை. அளவெடுக்கத் தெரியும், கடையத் தெரியும், பற்றவைக்கத் தெரியும். எந்த வேகத்தில் எந்தக் கல் வெடிக்கும், வெடித்தால் எவ்வளவு கனத்த உறை தாங்கும் என்று தெரியாது. தெரியாது என்பதே தெரியாமல் ஒரு மெஷினை வடிவமைத்துவிட்டார்.

வேலூரில் ஒரு பாலிடெக்னிக்கில் ராஜாக்கண்ணு பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். தீர்த்தகிரி போய் நடந்தது எல்லாவற்றையும் சொன்னார். ராஜாக்கண்ணு முழுக்கக் கேட்டார். ஒரு தாளை எடுத்தார்.

"கல்லு சுத்தும்போது அது தன்னையே வெளிப்பக்கமா இழுக்கும். வேகம் ரெண்டு மடங்கு ஆனா அந்த இழுப்பு ரெண்டு மடங்கு ஆவாது, நாலு மடங்கு ஆவும். நீ எவ்ளோ ஏத்தினே?"

தீர்த்தகிரி சொன்னார். ராஜாக்கண்ணு கணக்குப் போட்டு முடித்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார்.

"இத்தினி மாசம் ஓடினதே அதிசயம்."

"இது நாம படிச்சதுதானே?"

"படிச்சோம். பரீட்சையில எழுதினோம். ஒரு கல்லுக்காவது போட்டுப் பாத்தமா? நானும் வருஷா வருஷம் இத போர்டுல எழுதறேன். எந்தப் பையனையும் ஒரு கல்லு கிட்ட கூட்டிக்கினு போனதில்ல."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ராஜாக்கண்ணு போளூருக்கு வந்தார். பட்டறைக்குப் பின்னால் ஒரு குழி தோண்டினார்கள். அதற்குள் கல்லை மாட்டி, மேலே மரக்கட்டைகளையும் மணல் மூட்டைகளையும் அடுக்கி, வேண்டுமென்றே வேகத்தை ஏற்றி வெடிக்க வைத்தார்கள். முதல் கல் வெடித்தபோது தீர்த்தகிரி குழிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தச் சத்தத்தை அவர் அதுவரை கேட்டதில்லை. அம்மாக்கண்ணு கேட்டிருக்கிறாள் என்ற நினைப்பு வந்தது. ராஜாக்கண்ணு குழியில் இறங்கித் துண்டுகளைப் பொறுக்கிவிட்டு, "அடுத்தத மாட்டு" என்றார்.

வெவ்வேறு கல், வெவ்வேறு கனத்தில் உறை. எது தாங்கியது, எது கிழிந்தது என்று பார்த்துக்கொண்டே போனார்கள். கல்லை மெதுவாகச் சுற்றவிட்டு, தானியத்தை ஒரே தடவையில் முடிக்காமல் இரண்டு தடவை விட்டால் உமி கழல்கிறது, அரிசியும் நொறுங்கவில்லை என்பது தெரிய வந்தது. வேகமே தேவைப்பட்டிருக்கவில்லை. இது தெரிந்த அன்று ராஜாக்கண்ணு குதூகலமாகக் கையைத் தட்டினார். தீர்த்தகிரி தட்டவில்லை. கொஞ்சம் பொறுத்துச் சோதித்திருந்தால் முதலிலேயே தெரிந்திருக்கும்.

கனத்த உறையை மலைக்கு எப்படித் தூக்குவது? அதை நான்கு துண்டாக வார்த்து, மேலே கொண்டுபோன பிறகு போல்ட்டுப் போட்டு இறுக்குகிற மாதிரி செய்தார்கள். ஒரு துண்டை ஒரு ஆள் சுமக்கலாம். பூட்டிய உறைக்குள் ஒரு கல்லை வெடிக்க வைத்துப் பார்த்தார்கள். ஒரு துணுக்குக்கூட வெளியே வரவில்லை.

புது மெஷின் அத்திக்காட்டூருக்குப் போனபோது 1980 பிறந்துவிட்டது. யார் ஓட்டுவது என்ற பேச்சு வந்தது. லட்சுமணன் மனைவியைப் போகாதே என்று தடுத்தான். செல்லியம்மாள் வாசலில் உட்கார்ந்து ஒப்பாரியே வைத்தாள். "எனக்குத்தான் ஓட்டத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அம்மாக்கண்ணு கொட்டகைக்குள் போனாள்.

கொஞ்ச வருஷத்தில் மலையில் பல ஊர்களில் அந்த மெஷின் ஓடியது. பட்டறையில் ஒரு பக்கத்தைத் தடுத்து டிராயிங் அறை ஆக்கினார் தீர்த்தகிரி. டிப்ளமோ முடித்த இருவர் வேலைக்குச் சேர்ந்தார்கள். வரைபடத்தில் எந்தக் கனத்தைப் போட்டாலும் பக்கத்தில் ஏன் அந்தக் கனம் என்று எழுத வேண்டும் என்பது அங்கே சட்டம். எழுதத் தெரியாவிட்டால் குழியில் போட்டு உடைத்துப் பார்க்க வேண்டும். புளியங்கொட்டை பிரிக்க, நிலக்கடலைத் தோல் உரிக்க என்று வேறு வேலைகளும் வந்தன. வெளியூரிலிருந்து பார்க்க வந்தவர்கள் பாராட்டினார்கள். அவர் எழுந்து உள்ளே போய்விடுவார்.

ஒருநாள் ஒடுகத்தூரிலிருந்து ஒருவர், அங்கே ஒரு பட்டறையில் உங்கள் மெஷினையே செய்கிறார்கள் என்று சொன்னார். தீர்த்தகிரி பஸ் ஏறிப் போனார். பட்டறைக்காரர் சுப்பிரமணி மரியாதையாக வரவேற்று, காப்பி வரவழைத்து, தன் மெஷினைத் தட்டிக் காட்டினார்.

"அச்சு அசலா உங்களுதுதாண்ணா. இந்த உறைய மட்டும் தகடா மாத்திட்டேன். சொம்மா எதுக்கு அவ்ளோ இரும்பு?"

தீர்த்தகிரி கத்தவில்லை. கத்துகிற யோக்கியதை தனக்கு இல்லை என்று நினைத்தார். "எங்கூட போளூருக்கு வர்றீங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்தத் தகட்டு உறையையும் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து, குழிக்குள் மாட்டி, கல்லை வெடிக்க வைத்துக் காட்டினார். சுப்பிரமணி கிழிந்த தகட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"யாருக்காச்சும் ஆயிருக்குதாண்ணா?"

"ஆயிருக்குது. அம்மாக்கண்ணுன்னு பேரு. வலது கை."

"யாரு செஞ்ச மெஷினு?"

"நான் செஞ்சது."

சுப்பிரமணி தகட்டைக் கீழே வைத்தார். "நீங்க வேணும்னு பண்ணலியே."

"வேணும்னு பண்ணல. ஆனா கை போயிட்ச்சி."

ஒரு வாரம் அவரைத் தன்னோடு தங்கவைத்து, வரைபடத்தையும் கொடுத்து, அது ஏன் இது ஏன் என்று சொல்லி அனுப்பினார். நமக்கே போட்டியாக ஆளை வளர்த்து விடுகிறீர்கள் என்று சகுந்தலாகூட முணுமுணுத்தாள். பிறகு யார் வந்து கேட்டாலும் அதே முறைதான். பார்த்துச் செய்யலாம், ஆனால் உட்கார்ந்து கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

அறுப்புக் காலம் தவறாமல் அவர் மலைக்குப் போய் எல்லா மெஷினையும் பார்த்து வருவார். அத்திக்காட்டூரில் மட்டும் அதிக நேரம் நிற்க மாட்டார். கல்லைத் தட்டிப் பார்ப்பார், உறையின் போல்ட்டுகளை இறுக்குவார், லட்சுமணனிடம் ரெண்டு வார்த்தை பேசுவார். அம்மாக்கண்ணு பேசினால் சுவரையோ இன்ஜினையோ பார்த்துப் பதில் சொல்வார். அவள் இன்ஜினைக் கிளப்புவதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிடுவார்.

1987 அறுப்பின்போது பஸ் வரவில்லை. வழியில் மரம் விழுந்து கிடக்கிறதாம். திரும்ப வந்து கொட்டகை வாசலில் உட்கார வேண்டியதாயிற்று. உள்ளே அம்மாக்கண்ணு மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். வேறு எங்கும் பார்க்க இடமில்லாததால் அவர் அவளைப் பார்த்தார்.

தானியம் விழுகிற கதவைத் திறக்கிற கைப்பிடி மெஷினின் வலது பக்கம் இருந்தது. ஒவ்வொரு கூடைக்கும் அவள் உடம்பை முழுக்கத் திருப்பி, ஓடுகிற மெஷினின்மேல் சாய்ந்து, இடது கையைக் குறுக்கே நீட்டி அதை இழுத்துக்கொண்டிருந்தாள். இழுத்தபிறகு ஒரு நொடி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த கூடை. மறுபடி அதே மாதிரி.

இத்தனை வருஷமும் இப்படித்தான் இழுத்திருக்கிறாள்.

இன்ஜின் நின்றபிறகு அவர் எழுந்து கிட்டப் போனார்.

"ஏம்மா, இந்தக் கைப்பிடி... எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அம்மாக்கண்ணு உமியைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள். "சொல்லலாம்னுதாங்க பாப்பேன். நீங்க வர்றப்பவே மூஞ்சி செத்துப்போய் வர்றீங்க. இத்த வேற சொன்னா இன்னும் இன்னா ஆயிடுவீங்களோன்னு வுட்டுட்டேன்."

"உன்ன நேரா பாக்க முடியலம்மா எனக்கு."

"தெரியுங்க. ஆனா பாக்காம எப்டி செய்வீங்க?"

அவர் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். "இடது கைய நீட்டும்மா. சாயாத. நேரா நின்னுக்கினு நீட்டு."

அவள் நீட்டினாள். தோளிலிருந்து விரல் நுனிவரை, இடுப்பின் உயரம், கை வசதியாக எட்டுகிற தூரம் என்று ஒவ்வொன்றாக அளந்தார். நாடாவைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டியிருந்தபோது லட்சுமணனைக் கூப்பிட்டார். அளந்து முடிக்கிறவரை அவர் கண்ணை வேறு பக்கம் திருப்பவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் கைப்பிடியை இடது பக்கத்துக்கு மாற்றி மாட்டினார். அம்மாக்கண்ணு ஒரு கூடையைக் கொட்டி, நின்ற இடத்திலிருந்தே அதை இழுத்துப் பார்த்தாள். "கொஞ்சம் எறக்குங்க" என்றாள். அவர் ஸ்பேனரை எடுத்து இறக்கினார்.